டெக்சஸில் கரண்ட் போனால் முதலில் தண்ணீரைக் கவனியுங்கள்

"ஊர்ல பன்னிரண்டு மணி நேர கரண்ட் கட்டையே பார்த்தாச்சு, இது என்ன பெருசா?" டாலஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் பக்கத்துத் தமிழ் வீடுகளில் ஒவ்வொரு டிசம்பரிலும் கேட்கிற வசனம் இது. சென்னையில் கரண்ட் போனால் வேர்க்கும், கொசு கடிக்கும், மாவு புளிக்கும். வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. இங்கே வெளியே 10 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது மைனஸ் 12 செல்சியஸ் இருக்கும்போது ஒரு ராத்திரி கரண்ட் இல்லாவிட்டால், பரணில் ஓடும் தண்ணீர்க் குழாய் உடைந்து சீலிங் கட்டில்மேல் வந்து விழும். அதனால் ஜெனரேட்டர் வாங்குவது இரண்டாவது வேலை. வீட்டுத் தண்ணீரை மூடி வடிக்கக் கற்றுக்கொள்வதுதான் முதல் வேலை.

சுழற்சி முறையில்தான் நிறுத்துவார்கள், ஒரு மணி நேரத்தில் வந்துவிடும் என்று நம்பி உட்காராதீர்கள். 2021 பிப்ரவரி 15 அதிகாலை, மாநிலமே கடுங்குளிரில் உறைந்திருந்தபோது, 60 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டிய கிரிட்டின் (மாநில மின்கட்டமைப்பின்) அலைவெண் 59.4 ஹெர்ட்ஸுக்குக் கீழே 4 நிமிடம் 23 விநாடி இருந்தது. 9 நிமிடம் அப்படியே நீடித்திருந்தால் மின்நிலையங்கள் தாமாகவே கழன்று, மாநிலத்தின் பெரும்பகுதி மொத்தமாக இருண்டிருக்கும். அதைத் தடுக்க, கிரிட்டை நடத்தும் எர்காட் அமைப்பு உச்சகட்டத்தில் 20,000 மெகாவாட் சுமையைக் கழற்றச் சொன்னது. ஆஸ்பத்திரி இருக்கும் ஃபீடர்களையும் (ஒரு பகுதிக்குக் கரண்ட் கொண்டுபோகும் கம்பித் தடங்களையும்) அவசரத் தேவைக்கான ஃபீடர்களையும் ஒதுக்கிவிட்டால், மிச்சம் இருப்பதை எல்லாம் அணைத்தால்தான் அந்தக் கணக்கு வரும். சுழற்றுவதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அதனால்தான் ஒரு தெரு ஜெகஜ்ஜோதியாக எரிய, அடுத்த தெரு மூன்று நாள் இருட்டில் கிடந்தது. மாநில அரசின் கணக்கிலேயே 246 பேர் இறந்தார்கள். பெரும்பாலோரைக் கொன்றது குளிர்தான்.

இதில் ஒரு கொடுமையும் உண்டு. மின்நிலையத்துக்கு எரிவாயு அனுப்பும் கம்ப்ரஸர்கள் சில கரண்டில் ஓடுபவை. அவசரப் பட்டியலில் அவை பதிவாகாததால் அவற்றின் கரண்டும் சேர்ந்தே போனது. எரிவாயு குறைந்தது, மின் உற்பத்தி இன்னும் சரிந்தது. மின்நிலையங்களுக்குக் குளிர்காப்பு செய்யுங்கள் என்று 2011 குளிருக்குப் பிறகே பரிந்துரை வந்தாயிற்று. கட்டாயமாக்கும் சட்டம் வர 2021 ஆனது.

இப்போதுதான் சரிசெய்துவிட்டார்களே என்பார்கள். 2022 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் கிரிட் தாங்கியது உண்மைதான். ஆனால் 2023 பிப்ரவரியில் ஆஸ்டினில் கிரிட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஓக் மரக் கிளைகளில் பனிக்கட்டி படிந்து கம்பிமேல் முறிந்து விழுந்தது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் போயின, சிலருக்கு ஒரு வாரத்துக்கும் மேல். கரண்ட் எதனால் போனால் என்ன, உங்கள் குழாய்க்கு இரண்டும் ஒன்றுதான். நான்கு நாள் இருக்காது என்றே கணக்குப் போடுங்கள்.

இனி தண்ணீர். குழாயில் ஒரு இடத்தில் பனிக்கட்டி அடைத்துக்கொண்டு வளரும். அதற்கும் மூடிய டேப்புக்கும் நடுவே மாட்டிய தண்ணீரில் அழுத்தம் ஏறி, பனிக்கட்டியே இல்லாத இடத்தில்கூட வெடிக்கும். டேப்பைச் சொட்டவிடச் சொல்வது அந்த அழுத்தத்தை இறக்கத்தான். பென்சில் முனை கனத்துக்கு ஓடினால் போதும், ஆனால் வெந்நீர், குளிர்நீர் இரண்டு பக்கமும் ஓட வேண்டும். மெயின் உள்ளே வரும் இடத்திலிருந்து கடைசியில் இருக்கும் டேப்பைத் திறங்கள். ஹீட்டர் ஓடும்வரை இந்த வித்தை செல்லும். கரண்ட் போய், வீட்டுக்குள் 40 ஃபாரன்ஹீட்டை நெருங்கினால் நம்பாதீர்கள். ஊரே சொட்டவிட்டால் நகராட்சித் தண்ணீரின் அழுத்தமும் இறங்கும்.

அப்போது மூடி வடியுங்கள். தெரு ஓர மீட்டர் பெட்டியில் உள்ள வால்வுக்கு டி வடிவச் சாவி வேண்டும், ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். வெயில் காலத்திலேயே ஒருமுறை திருப்பிப் பாருங்கள். பல வீடுகளில் பெட்டி முழுக்க மண்ணும் எறும்புப் புற்றும்தான். முதலில் குளியல் தொட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள், ஒரு ஃபிளஷுக்கு 6 லிட்டர் ஆகும். பிறகு மெயினை மூடி, மாடியில் ஒரு டேப்பும் கீழே வெளிப்புற டேப்பும் திறந்தால் காற்று மேலே புகுந்து தண்ணீர் கீழே இறங்கும். டேங்க் வகை எலெக்ட்ரிக் கீஸர் என்றால் அதன் பிரேக்கரை அணைத்துவிடுங்கள், காலி டேங்கில் எலிமென்ட் எரிந்துபோகும்.

டேங்க் இல்லாத வெந்நீர்ப் பெட்டி சுவருக்கு வெளியே மாட்டியிருந்தால் தனிக் கவனம் வேண்டும். குளிர் தாங்க உள்ளே சின்ன ஹீட்டர் இருக்கிறது, ஆனால் அது ஓடுவதும் கரண்டில்தான்! பிளக்கைப் பிடுங்குங்கள், கேஸ் வால்வை மூடுங்கள், குளிர்நீர் வரும் வால்வை மூடுங்கள், வீட்டுக்குள் ஒரு வெந்நீர் டேப்பைத் திறங்கள். அடியில் வாளி வைத்து இரண்டு வடிகால் மூடிகளையும் திறந்து, உள்நுழையும் ஃபில்டரையும் கழற்றி அப்படியே விட்டுவிடுங்கள். வருவது ஓரிரு லிட்டர்தான். அந்தத் தண்ணீர் உள்ளே உறைந்தால் வெப்பமாற்றி கீறிப்போகும். பெட்டியிலேயே விலை அதிகமான பாகம் அதுதான்.

சூட்டுக்கு வருவோம். கேஸ் ஃபர்னஸ் (கேஸை எரித்து வீடு முழுக்கச் சூடாக்கும் கருவி) இருப்பவர்களுக்கு 20 கிலோவாட் ஜெனரேட்டர் தேவையில்லை. அதன் ஃபேனும் போர்டும் இழுப்பது சுமார் 400 முதல் 700 வாட். 2,200 வாட் இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் அதையும் ஃபிரிஜ்ஜையும் நாலு விளக்கையும் தாங்கும், நாளுக்குச் சுமார் 3 காலன் பெட்ரோல் ஆகும். ஆனால் பலர் அவசரத்துக்கு எக்ஸ்டென்ஷன் கயிறு மாட்டிப் பார்த்துவிட்டு ஃபர்னஸ் கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள்: தீ பற்றும், நாலைந்து விநாடியில் அணையும், மூன்று முறை முயன்று போர்டு பூட்டிக்கொள்ளும். தீ இருக்கிறதா என்று போர்டு அறிவது தரைக்கு ஓடும் மைக்ரோ ஆம்பியர் கரண்டை வைத்து. சின்ன ஜெனரேட்டர்களில் நியூட்ரல் எர்த்தோடு சேராமல் மிதக்கும், அதனால் போர்டுக்குத் தீ தெரியாது. ஜெனரேட்டரின் இன்னொரு சாக்கெட்டில் நியூட்ரலையும் எர்த்தையும் இணைக்கும் பிளக் செருகினால் சரி. வீட்டுப் பேனல் வழியாகக் கொடுப்பவர்களுக்கு அந்த இணைப்பு பேனலிலேயே இருக்கும், பிளக் கூடாது. பேனல் வழி என்றால் எலெக்ட்ரீஷியன் மாட்டிய இன்டர்லாக் (தெருக் கரண்டும் ஜெனரேட்டரும் ஒரே நேரத்தில் சேராமல் தடுக்கும் பூட்டு) கட்டாயம். இரண்டு முனையும் ஆண் பிளக்காக உள்ள கயிறு ஆளைக் கொல்லும். உங்கள் 240 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகத் திரும்பி ஏறி, தெருக் கம்பியில் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக லைன்மேனைத் தேடிப் போகும்.

ஜெனரேட்டர் வீட்டிலிருந்து 20 அடி தள்ளி, புகை எதிர்ப்பக்கம் பார்த்து நிற்கட்டும். கதவு திறந்த கராஜும் கராஜ்தான். கரி அடுப்பு உள்ளே வேண்டவே வேண்டாம். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் எதையும் பற்றவைக்காதீர்கள்.

ஹீட் பம்ப், அதாவது கரண்டிலேயே ஓடும் ஹீட்டிங் உள்ள வீடுகளில் கதை வேறு. கடுங்குளிரில் கைகொடுக்கும் துணைச் சுருள் 10, 15 கிலோவாட் கேட்கும், சின்ன ஜெனரேட்டரால் ஆகாது. ஒரு அறையை மட்டும் தேர்ந்தெடுத்து, வீட்டுக்குள் பயன்படுத்தலாம் என்று முத்திரையுள்ள புரொபேன் ஹீட்டரை, ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்து ஓட்டுங்கள். மணிக்கு 9,000 பிடியூ (வெப்ப அளவு) என்றால் 1 பவுண்டு சிலிண்டர் இரண்டரை மணி நேரம்கூட வராது. 4,000 என்றால் ஐந்துக்கு மேல். விழித்திருக்கும்போது மட்டும். தூங்கப் போகும்போது அணைத்துவிட்டுக் கம்பளிதான். லித்தியம் பவர் ஸ்டேஷன் வைத்திருப்பவர்கள் அதைக் கராஜில் வைக்காதீர்கள், செல் 0 செல்சியஸுக்குக் கீழே போனால் சார்ஜ் ஏறாது.

கரண்ட் போனவுடன் ஹீட்டர், ஓவன், டிரையர் பிரேக்கர்களை இறக்கி ஒரே ஒரு விளக்கை மட்டும் போட்டு வையுங்கள். திரும்ப வரும் நொடியில் தெருவில் எல்லா ஹீட்டரும் ஒன்றாகக் கிளம்பினால் டிரான்ஸ்ஃபார்மர் ஃப்யூஸ் போய்விடும். வந்த கரண்ட் பத்து நிமிடத்தில் மறுபடி போவதற்கு இதுவும் ஒரு காரணம். விளக்கு எரிந்தபின் ஒரு கால் மணி நேரம் பொறுத்து ஒவ்வொன்றாக ஏற்றுங்கள்.

தண்ணீரை வீடு சூடானபின் திறங்கள். கால் திருப்பு திருப்பி, ஆளுக்கொரு பாத்ரூமில் நின்று காது கொடுங்கள். உடைந்த குழாய் உருகிய பிறகுதான் ஒழுகும். பிறகு எல்லா டேப்பையும் மூடி மீட்டரைப் பாருங்கள். அதில் மிளகளவு ஒரு சின்ன முக்கோணம் இருக்கும். அது மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருந்தால் எங்கோ சுவருக்குள் ஒழுகுகிறது, சாவியைப் போட்டு மறுபடி மூடுங்கள்.