மேசைக்கணினி வாங்கச் சொன்னதற்கு இத்தனை கேலியா?

நேற்று முழுவதும் இங்கே ஓடிய விவாதம் எதைப் பற்றியது என்பது உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும். முப்பரிமாண வரைகலை படிக்கும் மாணவர் ஒருவர் என்ன கணினி வாங்கலாம் என்று கேட்டார். நான் மேசைக்கணினி வாங்கச் சொன்னேன். என் பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, "இன்னும் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்கள்" என்று தலைப்பிட்டுப் பகிர்ந்தவர் யார், அதன்கீழ் வரிசையாக வந்து சிரித்தவர்கள் யார் என்பதும் உங்களுக்குத் தெரியும். மாற்றுக் கருத்து சொன்னவர்கள்மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அந்த மாணவர் என்ன வேலைக்காகக் கேட்டார் என்பதைச் சிரித்தவர்களில் ஒருவர்கூடப் படிக்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

அவர் தெளிவாகவே எழுதியிருந்தார். தங்குவது ஒரே அறையில், வேலை செய்வது ஒரே மேசையில். பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளில் காட்சிகளை உருவாக்கி, அவற்றை முழுமையான படங்களாக மாற்றும் ரெண்டர் வேலையை இரவு முழுவதும் ஓடவிட வேண்டும். கையிருப்பு குறைவு, ஆகவே வாங்குவது பல ஆண்டுகள் உழைக்க வேண்டும். கல்லூரிக்குக் கணினியை எடுத்துச் செல்ல வேண்டியதில்லை, அங்கேயே ஆய்வகம் இருக்கிறது. இத்தனையும் எழுதியிருந்த ஒருவருக்கு மேசைக்கணினியைத் தவிர வேறு எதைப் பரிந்துரைப்பது? வேலை என்ன என்று முதலில் கேளுங்கள், கருவியைப் பிறகு சொல்லுங்கள் என்பதைத்தான் நான் எப்போதும் சொல்கிறேன், நேற்றும் அதையே சொன்னேன்.

"மடிக்கணினியிலும் அதே பிராசசர்தானே இருக்கிறது" என்று ஒரு நண்பர் மிகுந்த உறுதியோடு எழுதியிருந்தார். அதே பெயர் இருக்கிறது, அதே பிராசசர் இல்லை. இன்டெல் ஐ7-13700 என்ற மேசைக்கணினிப் பிராசசரில் 16 கோர்கள் (கணக்கிடும் அலகுகள்), அதன் அடிப்படை மின்திறன் 65 வாட். மெல்லிய மடிக்கணினிகளில் வரும் ஐ7-1355யு என்பதில் 10 கோர்கள், அவற்றிலும் வலிமையானவை இரண்டே இரண்டு, அடிப்படை மின்திறன் 15 வாட். இரண்டின் மேலும் ஐ7 என்றே ஒட்டப்பட்டிருக்கும். கிராபிக்ஸ் கார்டில் நிலைமை இன்னும் மோசம். என்விடியா ஆர்டிஎக்ஸ் 4090 மேசைக்கணினியில் 16,384 கோர்களும் 24 ஜிபி நினைவகமும் கொண்டது. அதே பெயரில் மடிக்கணினிக்கு வருவதில் 9,728 கோர்கள், 16 ஜிபி. அதே சில்லின் வேகத்தைக் குறைத்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள், உள்ளே இருக்கும் சில்லே வேறு. அந்த மாணவரைப் போன்றவர்களுக்கு இது சிறிய வேறுபாடு அன்று. பெரிய காட்சி ஒன்று கிராபிக்ஸ் கார்டின் நினைவகத்துக்குள் அடங்காவிட்டால் ரெண்டர் ஊர்ந்து போகும், அல்லது பாதியில் நின்றுவிடும்.

நேற்று யாருமே பேசாதது வெப்பத்தைப் பற்றி. மடிக்கணினி முதல் சில நிமிடங்களுக்கு முழு வேகத்தில் ஓடும். பிறகு உள்ளே சூடேறும். அந்த மெல்லிய உடலுக்குள் சிறிய விசிறியால் சூட்டை வெளியேற்ற முடியாதபோது பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அது பழுதில்லை, எரிந்துபோகாமல் இருப்பதற்கான ஏற்பாடு. கடையில் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்ப்பவருக்கு இது தெரியாது, இரவு முழுவதும் ரெண்டர் போட்டுவிட்டுக் காத்திருப்பவருக்குத்தான் தெரியும்.

இனி, வரப்போகும் மறுப்புகளுக்கு நானே பதில் சொல்லிவிடுகிறேன். "உலகமே மடிக்கணினிக்கு மாறிவிட்டது" என்பார்கள். 2008ஆம் ஆண்டின் மூன்றாம் காலாண்டிலேயே உலக அளவில் மடிக்கணினி விற்பனை மேசைக்கணினியை முந்திவிட்டது என்பது எனக்கும் தெரியும். பயணம் செய்பவர், வகுப்புக்கு வகுப்பு மாறுபவர், அலுவலகத்திலும் வீட்டிலுமாக வேலை செய்பவர் ஆகியோருக்கு மடிக்கணினிதான் சரி, அவர்களிடம் நான் ஒருநாளும் வேறு சொன்னதில்லை. ஊரோடு ஒத்துப்போவது ஒருவருடைய வேலைக்குப் பொருந்தாதபோது ஏன் ஒத்துப்போக வேண்டும் என்பது மட்டுமே என் கேள்வி. "மின்சாரம் போனால்?" என்பது நியாயமான கேள்வி. யுபிஎஸ் ஒன்று வேண்டும், அதற்குத் தனிச் செலவு உண்டு, மின்சாரமும் மேசைக்கணினிக்குக் கூடுதலாகவே ஆகும், மறுக்கவில்லை. "இடத்தை அடைக்கும்" என்பதற்குப் பதில் சொல்ல ஒன்றும் இல்லை, மேசைக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம்.

"மேக் வாங்கச் சொல்லியிருக்கலாமே" என்ற நண்பர்களுக்குச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2020 நவம்பரில் ஆப்பிள் தன் எம்1 சில்லை வெளியிட்டபோது மடிக்கணினி என்பதன் இலக்கணமே மாறியது. விசிறியே இல்லாத மேக்புக் ஏர் அவ்வளவு வேகமாக ஓடியதைப் பார்த்து வியந்தவர்களில் நானும் ஒருவன். காணொளித் தொகுப்பாளர்கள் இருவருக்கு நானே மேக் வாங்கப் பரிந்துரைத்திருக்கிறேன். ஆனால் அதில் நினைவகம் சில்லோடு சேர்ந்தே வருகிறது. வாங்கும் நாளில் 16 ஜிபி என்று முடிவு செய்தால் அந்தக் கணினியின் ஆயுள் முழுவதும் 16 ஜிபிதான். கையில் பணம் குறைவாக இருக்கும் மாணவர் இன்றைக்குச் சிறிதாக வாங்கி, சம்பாதிக்கத் தொடங்கியதும் நினைவகத்தைக் கூட்டிக்கொள்ளலாம் என்ற வழி அங்கே அடைபட்டுப் போகிறது. மேசைமேல் வைக்கும் மேக் மினிக்கும் இதே நிலைதான் என்பதால் எல்லா மேசைக்கணினியையும் நான் கண்ணை மூடிக்கொண்டு ஆதரிக்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். திறந்து மாற்றக்கூடிய கணினியைத்தான் நான் சொல்கிறேன்.

இந்தப் பிடிவாதம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்காக ஒன்றைச் சொல்கிறேன். என் அக்காவின் மடிக்கணினி மிக மெல்லியது, பார்க்க அழகானது. ஒருநாள் அது உயிர்பெறவே இல்லை. சர்வீஸ் சென்டரில் மதர்போர்டு, அதாவது எல்லாப் பாகங்களையும் இணைக்கும் முதன்மைப் பலகை, போய்விட்டது என்றார்கள். போகட்டும், உள்ளே இருக்கும் கோப்புகளை மட்டும் எடுத்துத் தாருங்கள் என்று அக்கா கேட்டார். சேமிப்புச் சில்லு மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது, போர்டை மாற்றினால் அதுவும் சேர்ந்தே போய்விடும் என்று பதில் வந்தது. அவருடைய ஆய்வேட்டின் இரண்டு இயல்கள் அதில் இருந்தன. வெளியே வந்து, "தம்பி, உன்னால்கூட எடுக்க முடியாதா?" என்று அவர் என்னிடம் கேட்டார். இத்தனை ஆண்டுகளாகக் கணினிகளைப் பிரித்து மாட்டிக்கொண்டிருக்கும் என்னால் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. நகல் எடுத்து வைத்திருக்க வேண்டாமா என்று இதற்கும் கீழே வந்து எழுதப்போகிறவர்களுக்கு: ஆம், வைத்திருக்க வேண்டும். ஆனால் கழற்றக்கூடிய எஸ்எஸ்டி சேமிப்பகம் ஒன்று அதில் இருந்திருந்தால் அதைக் கழற்றி வேறு கணினியில் மாட்டி அன்று மாலையே இரண்டு இயல்களையும் எடுத்திருக்கலாம். அப்படி எடுக்க முடியாதபடி வடிவமைத்தவர்களை ஒரு வார்த்தை கேட்காமல் அக்காவை மட்டும் ஏன் கேட்கிறீர்கள்?

என் மேசைக்கணினியும் ஒருமுறை அதே போல் நின்றுபோனது. கேபினெட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, பாகங்களுக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளையின் 24 முனை இணைப்பியை மதர்போர்டிலிருந்து உருவி, பச்சைக் கம்பிக்கும் கறுப்புக் கம்பிக்கும் உரிய முனைகளை ஒரு காகிதக் கவ்வியால் இணைத்துப் பார்த்தேன். நல்ல பவர் சப்ளையாக இருந்தால் அதன் விசிறி சுழல வேண்டும். சுழலவில்லை. பழுது எங்கே என்று அதிலேயே தெரிந்துவிட்டது. வேறொரு நிறுவனத்தின் பவர் சப்ளையை வாங்கி மாட்டினேன், அதே திருகுகள், அதே துளைகள், அதே இணைப்பி. 1995இல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் என்ற தரஅளவை பெரும்பாலான நிறுவனங்கள் இன்றுவரை பின்பற்றுவதால்தான் அது பொருந்தியது. மற்ற எந்தப் பாகத்தையும் நான் தொடவேண்டியிருக்கவில்லை, ஒரு கோப்பும் போகவில்லை. இந்தப் பெட்டியைத்தான் கட்டிக்கொண்டு அழுகிறேன் என்று எழுதினார்கள்.

பழுது பார்ப்பது மட்டுமில்லை, மேசைக்கணினியை மேம்படுத்தவும் முடியும். 2017இல் ஏஎம்டி நிறுவனத்தின் முதல் ரைசன் பிராசசர்களுக்காக வாங்கப்பட்ட, ஏஎம்4 என்ற பிராசசர் பொருத்துமிடம் கொண்ட மதர்போர்டுகள் பலவற்றில், கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் மென்பொருளைப் புதுப்பித்துவிட்டு, 2022இல் வெளிவந்த ரைசன் 7 5800எக்ஸ்3டியைப் பொருத்த முடிந்தது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டபோது, விண்டோஸ் 11 கேட்கும் பிராசசரும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் இல்லாத நல்ல மடிக்கணினிகள் எத்தனையோ ஒரு மூலைக்குப் போயின. அவற்றில் பிராசசரை மாற்ற வழியில்லை. லினக்ஸ் போட்டுப் பயன்படுத்தலாம்தான், ஆனால் எத்தனை பேர் அதைச் செய்தார்கள்? மேசைக்கணினி வைத்திருந்தவர்களோ போர்டையும் பிராசசரையும் மட்டும் மாற்றிவிட்டு, அதே கேபினெட், அதே பவர் சப்ளை, அதே திரை, அதே கீபோர்டோடு வேலையைத் தொடர முடிந்தது. பழுது பார்க்க முடியாததை நாமே விரும்பிக் கேட்டு வாங்கும்போது, பழுது பார்க்கக்கூடியதை யார் தயாரித்துக் கொடுப்பார்கள்? பழையதைச் சரிசெய்து பயன்படுத்துபவரைக் கேலிக்குரியவராக்குவதில் யாருக்கு லாபம் என்று யோசித்தீர்களா? நிச்சயமாக அந்த மாணவருக்கு இல்லை.

அவர் தன் கேள்வியையே இப்போது நீக்கிவிட்டார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்ததை நான் பொறுத்துக்கொள்வேன், இத்தனை ஆண்டுகளில் பழகிவிட்டது. இருக்கும் பணத்தை எண்ணிப் பார்த்து, வெட்கப்படாமல் நான்கு பேரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று வந்த ஒருவரை, கேட்டதே தவறு என்று எண்ண வைத்துவிட்டீர்கள். இன்று காலையில் உள்பெட்டியில், "அண்ணா, எல்லாரும் சொல்வதைப் பார்த்தால் தவணையில் மடிக்கணினியே வாங்கிவிடலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, வேண்டாம். நினைவகம் (ராம்) மாட்ட நான்கு இடங்கள் உள்ள மதர்போர்டாகப் பாருங்கள், இப்போதைக்கு இரண்டில் மட்டும் மாட்டிக்கொள்ளலாம். கேபினெட் அழகாக இருக்க வேண்டியதில்லை, முன்புறம் காற்று உள்ளே வர வழி இருந்தால் போதும். கிராபிக்ஸ் கார்டின் நினைவகத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். பவர் சப்ளையை முடிவு செய்வதற்கு முன் பாகங்களின் பட்டியலை எனக்கு அனுப்புங்கள், எத்தனை வாட் வேண்டும் என்று கணக்கிட்டுச் சொல்கிறேன்.