ஆட்டிசம் உள்ள சிறுவன் கதை சொல்லும்போது

மார்க் ஹாடனின் 'தி க்யூரியஸ் இன்சிடென்ட் ஆஃப் தி டாக் இன் தி நைட்-டைம்' (2003) நாவலைப் பற்றிப் பேச்செடுத்தாலே எல்லோரும் பகா எண்களில்தான் ஆரம்பிக்கிறார்கள். அதில் கதைசொல்லியான 15 வயது கிறிஸ்டோபர் தன் அத்தியாயங்களுக்கு 2, 3, 5, 7 என்று எண் போட்டு 233-இல் முடிக்கிறான். அழகான உத்திதான். ஆனால் அதைப் படித்துவிட்டு ஆட்டிசம் உள்ள கதைசொல்லியை எழுத வருகிறவர்கள் எடுத்துக்கொண்டதெல்லாம் மேல்பூச்சு மட்டுமே: கணக்கில் புலி, முகபாவம் புரியாது, மரபுத்தொடரை நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்வான். ஆட்டிசம் உள்ளவர்களில் அபாரத் திறமை கொண்டவர்கள் சிறுபான்மையே. அத்துடன், 15 வயதுக்குள் பலர் மரபுத்தொடர்களை மனப்பாடமாகவே கற்றிருப்பார்கள். அவர்கள் தடுமாறுவது யாரும் வாய்விட்டுச் சொல்லாத எதிர்பார்ப்புகளில்தான்.

அந்த நாவலின் உயிர், இங்கிலாந்தின் ஸ்விண்டன் நகரிலிருந்து கிறிஸ்டோபர் தனியாக லண்டன் போகும் பகுதியில் இருக்கிறது. ரயில் நிலையத்துப் பலகைகளின் எழுத்துகள் ஒன்றோடொன்று கலந்து பக்கத்தில் குவிகின்றன. எது முக்கியம், எது வேண்டாம் என்று மூளை வடிகட்டாதபோது எல்லாம் ஒரே சத்தத்தில் வந்து சேரும். புலன் உணர்வு மிகுவதோ குறைவதோ, 2013-இல் வந்த டி.எஸ்.எம்-5 என்ற அமெரிக்க மனநல நோயறிதல் கையேட்டில்தான் ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகவே சேர்க்கப்பட்டது. ஹாடன் அதைப் பத்து வருடம் முன்பே பக்க வடிவத்தில் காட்டிவிட்டார், தான் இதில் நிபுணர் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னவர்.

மெல்ட்டவுனை, அதாவது தாங்க முடியாத அளவு சுமை சேர்ந்து கட்டுப்பாடு உடைந்துபோவதை, எழுதும்போதுதான் அதிகம் பிசகுகிறது. அதைக் கோபம் போல, ஒரே வசனத்தில் வெடிக்க வைக்கிறார்கள். உண்மையில் அது காலையிலிருந்தே சேரும்: கழுத்தில் உறுத்தும் சட்டை, சொல்லாமல் மாறிய பாடவேளை, விட்டுவிட்டு எரியும் ட்யூப்லைட். இவற்றை நாலைந்து பக்கம் முன்பிருந்தே, புகார்த் தொனி இல்லாமல் தூவி வர வேண்டும். உச்சத்தில் கதைசொல்லியிடம் முழு வாக்கியம் இருக்கக் கூடாது. பிறகு வரும் களைப்பையும் நினைவில் விழும் ஓட்டையையும் அப்படியே விடுங்கள். அவன் தெளிவாகத் திரும்பிப் பார்த்து விளக்கினால் எல்லாம் பொய்யாகிவிடும். கத்தாமல் உறைந்து, பேச்சே நின்றுபோகும் ஷட்டவுனும் உண்டு. நாவல்களில் அதைக் காண்பதே அரிது, எனக்கு அது பெரிய குறை.

பிரிட்டிஷ் ஆய்வாளர் டேமியன் மில்டன் (அவரும் ஆட்டிசம் உள்ளவர்) 2012-இல் முன்வைத்த 'இரட்டைப் பரிவுச் சிக்கல்' இங்கே உதவும்: ஆட்டிசம் உள்ளவர், இல்லாதவர் என்று புரியாமை இரு பக்கமும் உண்டு. ஆகவே அம்மா, ஆசிரியர் எல்லாம் இவனைத் தவறாகப் படிக்கும் இடங்களும் கதையில் வேண்டும். கைப்பிரதியை ஆட்டிசம் உள்ள இளைஞர்களிடம் கொடுக்கும்போது "பிடித்ததா?" என்று கேட்காதீர்கள். "எந்தப் பக்கத்தில் இவன் வேறு யாரோ போலப் பேசுகிறான்?" என்று கேளுங்கள், பக்க எண்ணோடு பதில் வரும்.