அந்தக் கேபிளைப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகாதய்யா!

சைக்கிள் பிரேக் கம்பி தடிமனில் ஒரு கேபிள். ஒரு நுனி மேலே, இன்ஜினுக்குள் காற்றை விடுகிற த்ராட்டில் பாடியில், இன்னொரு நுனி கீழே கியர்பாக்ஸுக்குள். என்னுடைய 1987 ஷெவர்லே கமாரோ ஐராக்-இசட் காரின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வாழ்வதும் சாவதும் அந்தக் கேபிளால்தான். அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கியர்பாக்ஸை மட்டும் இறக்கி, பிரித்து மேய்ந்து, கழுவி, பளபளவென்று கறுப்பு பெயின்ட் அடித்து, நாலு இலக்கத்தில் பில் நீட்டுகிற ஆட்களை என்ன சொல்லித் திட்டுவது என்றே தெரியவில்லை. இந்தக் காரைச் செய்த ஜெனரல் மோட்டார்ஸின் தலைமையகம் இருக்கிற டெட்ராய்ட் பக்கத்தில் குடியிருந்துகொண்டு இந்தப் பெட்டி தெரிந்த ஆளைத் தேடி அலைய வேண்டியிருக்கிறதே, அதுதான் வயிற்றெரிச்சல்.

பெட்டியின் பெயர் 700ஆர்4. 1982 மாடல் வண்டிகளில் வந்தது. எழுபதுகளில் பெட்ரோல் விலை எகிறி எல்லாரும் சூடுபட்ட பிறகு, நெடுஞ்சாலையில் இன்ஜின் அடங்கி ஓடட்டும் என்று நாலாவதாக ஒரு ஓவர்டிரைவ் கியரோடு செய்தார்கள். முதல் கியரின் விகிதம் 3.06, அடுத்தது 1.63, மூன்றாவது நேர் ஒன்றுக்கு ஒன்று, நாலாவது 0.70. நல்ல பெட்டி, சத்தியமாக நல்ல பெட்டி. 1990இல் 4எல்60 என்று பெயர் மாற்றினார்கள், அப்புறம் வந்த 4எல்60-இ பெட்டியில் கியர் மாற்றும் வேலையைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது. என் வண்டி அதற்கு முந்தைய காலம். கியர்பாக்ஸ் விஷயத்தில் கம்ப்யூட்டருக்கு ஒரே வேலை, இன்ஜினையும் பெட்டியையும் ஆயில் வழியாக இணைக்கிற டார்க் கன்வெர்ட்டரை லாக் செய்வது. மற்றதெல்லாம் ஆயில் பிரஷர், வண்டியின் வேகத்தை உணர்கிற கவர்னர், அந்தக் கேபிள்.

நாம் ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதிக்கிறோம் என்பதைக் கீழே சொல்வது அந்தக் கேபிள்தான். மிதிக்க மிதிக்க அது இழுபடும்; இழுபட இழுபட உள்ளே பிரஷர் ஏறும்; ஏறிய பிரஷர்தான் கிளட்ச் தகடுகளை வழுக்க விடாமல் இறுக்கிப் பிடிக்கும். கேபிள் தொளதொளவென்று கிடந்தால், நாம் தரையோடு தரையாக மிதித்தாலும் பெட்டிக்குத் தெரியாது. 5.7 லிட்டர் வி8, 225 குதிரைத்திறன், அத்தனையும் வந்து மோதும்போது உள்ளே இருப்பது சந்தைக்குப் போகிற வேகத்துக்கான பிரஷர். முதலில் சாவது மூன்று-நான்கு கிளட்ச். மூன்றாம் கியரையும் நாலாம் கியரையும் பிடிப்பது அந்த ஒரே அடுக்குதான். அது கருகினால் ஒன்று, இரண்டு, ரிவர்ஸ் எல்லாம் ஜோராக வேலை செய்யும். இரண்டிலிருந்து மேலே போகும்போது மட்டும் இன்ஜின் தனியாகக் கத்தும், வண்டி நகராது.

இதெல்லாம் ரகசியமா? கம்பெனியின் சர்வீஸ் புத்தகத்திலேயே இருக்கிறது. இன்ஜினை அணைத்துவிட்டு, கேபிளின் மேல்முனையில் உள்ள லாக் பொத்தானை அமுக்கி, ஸ்லைடரை த்ராட்டில் பாடிக்கு எதிர்ப்பக்கமாகக் கடைசிவரை தள்ளி, பொத்தானை விட்டுவிட்டு, த்ராட்டிலைக் கையால் முழுசாகத் திறந்தால் போதும். கடகடவென்று தானாக அளவுக்கு வந்து நிற்கும். காபி ஆறுவதற்குள் முடிகிற வேலை.

எங்கள் பகுதியில் பெயர்பெற்ற ஒரு கியர்பாக்ஸ் ஷாப்பில்தான் கொடுத்தேன். பெயர் வேண்டாம். முதல் நாளே அந்த ஆள் அதைக் ‘கிக்டவுன் கேபிள்’ என்றபோதே எனக்கு வயிற்றைக் கலக்கியது. பழைய மூன்று கியர் டர்போ 350 பெட்டியில் இருப்பது கிக்டவுன் கேபிள். முழுசாக மிதித்தால் ஒரு கியர் கீழே இறக்கும், அவ்வளவுதான். இன்ஜினின் பாரத்தை அந்தப் பெட்டி தெரிந்துகொள்வது இன்ஜின் காற்றை உறிஞ்சுகிற வேகத்தை உணர்கிற வேக்கம் மாடுலேட்டர் வழியாக. அதில் கேபிள் அறுந்தே போனாலும் வீட்டுக்கு ஓட்டிவரலாம். 700ஆர்4 பெட்டியில் கேபிளைக் கழற்றிவிட்டு ஓட்டினால் போகிற வழியிலேயே கிளட்ச் கருகும். பார்ப்பதற்கு இரண்டு கேபிளும் ஒரே மாதிரி இருக்கும். அதனால் டர்போ 350 கற்றுக்கொண்ட கையோடு இதையும் தொடுகிறார்கள்.

வண்டியைத் திருப்பித் தந்தபோது என்ன பெருமை! “எவ்வளவு ஸ்மூத்தாக மாறுகிறது பாருங்கள்” என்று ஸ்டியரிங்கைத் தட்டிக் காட்டினார். அய்யா, ஸ்மூத்தாக மாறுவதுதான் பிரச்சினையே! இருபது மைல் வேகம் வருவதற்குள் மெத்து மெத்தென்று மூன்றாம் கியருக்குப் போகிறது என்றால் பிரஷர் இல்லை என்று அர்த்தம், தகடு வழுக்கிக்கொண்டு இருக்கிறது என்று அர்த்தம். கியர் லேட்டாக மாறுகிறது, வெடுக்கென்று மாறுகிறது என்று யாராவது புகார் சொன்னால், வேண்டுமென்றே கேபிளைத் தளர்த்திவிடுகிற ஆட்களும் இருக்கிறார்கள். மாறும் நேரத்தை மாற்ற வேண்டுமானால் கவர்னரின் எடையையும் ஸ்பிரிங்கையும் மாற்ற வேண்டும். அதற்குப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். கேபிளைத் தளர்த்த ஒரு விரல் போதுமே.

வீட்டுக்கு வந்ததும் பானெட்டைத் திறந்து பார்த்தேன். த்ராட்டிலை முழுசாகத் திறந்தாலும் கேபிளில் இன்னும் இழுபட மிச்சம் இருந்தது. உடனே போன் போட்டேன். வந்த பதில் என்ன தெரியுமா? “அதில் கை வைக்காதீர்கள், கை வைத்தால் வாரண்டி போய்விடும். புது கிளட்ச் செட்டாகக் கொஞ்ச நாள் ஆகும்.” செட் ஆகுமாம்! சரி, நாளைக்கே கொண்டுவருகிறேன், நீங்களே செய்யுங்கள் என்றால் அடுத்த வாரம்தான் லிஃப்ட் காலி என்றார்கள். கேபிளைச் சரிசெய்ய எதற்கய்யா லிஃப்ட்? அது இன்ஜின் மேலே இருக்கிறது! அடுத்த வாரம் அந்த ஷாப்புக்கு ஓட்டிக்கொண்டு போகிற வழியிலேயே மூன்றாம் கியர் கைவிட்டது. கடைசி சில மைல் இரண்டாம் கியரிலேயே ஊர்ந்து போனேன், பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹாரன் அடித்தார்கள்.

ஆயில் பானைக் கழற்றினால் சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் பழுப்பாக, கருகிய வாடையோடு ஊற்றியது. அதைப் பார்த்துவிட்டு அந்த மனிதர் கூசாமல் கேட்டார்: “நீங்கள் கேபிளை ஏதாவது செய்தீர்களா?”

எனக்கு ரத்தம் கொதித்தது. ஒரு வாரம் முன்னால் கேபிள் தளர்ந்திருக்கிறது என்று நான் சொன்னபோது கேபிளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெட்டி செத்ததும் கேபிள்தான் காரணம், அதுவும் நான் தொட்ட கேபிள்!

அந்த பில்லை ஒருமுறை பார்க்க வேண்டும். கோர்வெட் சர்வோ போட்டிருக்கிறார்கள், அதற்கு ஒரு காசு. கடினப்படுத்திய சன் ஷெல், பத்து இறக்கை பம்ப், எல்லாவற்றுக்கும் தனித்தனிக் காசு. இவை மோசமான சாமான்கள் என்று சொல்லவில்லை. பழைய சன் ஷெல் உடைந்தால் இரண்டாவது, நாலாவது கியரோடு ரிவர்ஸும் சேர்ந்து போகும், மாற்றுவது நியாயம்தான். ஆனால் கோர்வெட் சர்வோ பிடிப்பது பேண்டை, அதாவது உள்ளே உருளையைச் சுற்றி இறுக்குகிற பட்டையை. கருகியது மூன்று-நான்கு கிளட்ச். என் வண்டியின் நோய்க்கும் அந்த மருந்துக்கும் என்ன சம்பந்தம்? பெட்டியின் பக்கவாட்டில் பிரஷர் அளக்க ஒரு துளை வைத்தே அனுப்பியிருக்கிறார்கள். பிளக்கைக் கழற்றி கேஜை மாட்டி, கேபிளை இழுத்தால் முள் ஏறுகிறதா என்று பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அந்த ஷாப்பில் கேஜ் சுவரில்தான் தொங்குகிறது. தூசியோடு.

இன்னொன்று. கிளட்ச் கருகினால் அதன் தூளும் இரும்புப் பொடியும் ஆயிலோடு சுற்றி ரேடியேட்டருக்குள் இருக்கிற ஆயில் கூலரில் போய் உட்காரும். கூலரைக் கழுவாமல் புதுப்பெட்டியை மாட்டினால் பழைய குப்பை முழுவதும் புதுப்பெட்டிக்குள் வரும். டார்க் கன்வெர்ட்டர் அதைவிட மோசம். வெல்டு வைத்து மூடிய சாமான், வெட்டித் திறந்தால்தான் உள்ளே கழுவ முடியும். எனக்கு அதே பழைய கன்வெர்ட்டரை வெளியே துடைத்து மாட்டியிருந்தார்கள். கூலரைக் கழுவிய ரசீது இல்லாவிட்டால் வாரண்டி செல்லாது என்று அவர்கள் தாளிலேயே பொடி எழுத்தில் இருக்கிறது. மாட்டியதும் அவர்கள், கழுவ வேண்டியதும் அவர்கள், ரசீது மட்டும் நான் காட்ட வேண்டுமாம்!

வாரண்டியா? பன்னிரண்டு மாதம் அல்லது 12,000 மைல், எது முதலில் வருகிறதோ அது. மிச்சிகனில் பழைய வண்டி வைத்திருக்கிறவன் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை அதை வெளியே எடுக்க மாட்டான். ரோடு முழுக்க உப்பு கொட்டிவிடுவார்கள், அடிப்பாகம் துருப்பிடித்துப் போகும். ஆக, அந்த வாரண்டியில் பாதி, போர்வை மூடிய வண்டி கராஜில் தூங்கும்போதே தீர்ந்துவிடும். அதுவும் பெட்டிக்கு மட்டும்தான்; இறக்கி ஏற்றுகிற கூலி நம் தலையில். அந்தக் கூலிதானய்யா பெரிய காசே.

இதற்கு நடுவில் அவர்கள் சொன்ன தீர்வைக் கேளுங்கள். “இதை கோராக எடுத்துக்கொள்கிறோம், வேறு ரெடிமேட் பெட்டி போட்டுவிடலாம்.” கோர் என்றால் மாற்றுப் பெட்டிக்கு ஈடாக நாம் கொடுத்துவிடுகிற பழைய பெட்டி. என் பெட்டியின் உறையில் என் வண்டி எண்ணின் ஒரு பகுதி அடித்திருக்கிறது. இன்ஜின், பெட்டி, பாடி மூன்றும் ஒரே எண்ணோடு சேர்ந்து ஃபேக்டரியிலிருந்து வெளியே வந்தவை. அதைக் கொடுத்துவிட்டு யாரோ ஒருவருடைய வேனிலிருந்து கழற்றியதை நான் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். முடியாது என்றேன். முறைத்தார்கள். முறைக்கட்டும்.

நண்பர்கள் வேறு. எல்லாருக்கும் ஒரு யோசனை இருக்கிறது. “பேசாமல் மேனுவல் போட்டுவிடு மச்சி” என்கிறான் ஒருவன். 5.7 லிட்டர் இன்ஜினோடு அந்தக் காலக் கமாரோவில் மேனுவலே வரவில்லை. மற்ற இன்ஜின்களுக்குக் கொடுத்த ஐந்து கியர் பெட்டி இந்த முறுக்குவிசையைத் தாங்காது. “டர்போ 400 போடு, யானைப் பலம்” என்கிறான் இன்னொருவன். பலம் உண்டு, ஓவர்டிரைவ் கிடையாது. என் பின் ஆக்ஸிலின் விகிதம் 3.27. 65 மைல் வேகத்தில் இப்போது நிமிடத்துக்கு 1,900 சுற்றில் முனகுகிற இன்ஜின் 2,700ஐத் தாண்டிக் கத்தும். அதைவிட, இந்த வண்டியில் பின் ஆக்ஸில் முறுக்கிக்கொள்ளாமல் பிடிக்கிற டார்க் ஆர்ம் என்ற கம்பி வந்து மாட்டுவதே கியர்பாக்ஸின் வால்பகுதியில்தான். பெட்டியை மாற்றினால் அதற்கும் தனியாக ஒரு தாங்கி செய்ய வேண்டும், கிராஸ்மெம்பரை நகர்த்த வேண்டும், டிரைவ்ஷாஃப்டைப் பார்க்க வேண்டும். இத்தனையும் எதற்கு? ஒரு ஆள் ஒரு பொத்தானை அமுக்காததற்கு!

ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை உட்வர்ட் டிரீம் குரூஸ். 1995இலிருந்து நடக்கிறது, டெட்ராய்ட் புறநகரில் உட்வர்ட் அவென்யூ நெடுகப் பழைய வண்டிகள் மெதுவாக உருண்டு போகும். என் பையனை ஐராக்கில் உட்காரவைத்துக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தேன். ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு, அடுத்தவர்கள் ஐராக் போவதைப் பார்த்தோம். “அப்பா, அவங்க வண்டி மட்டும் எப்படிப்பா ஓடுது?” என்றான். என்ன பதில் சொல்ல?

பெட்டி இப்போது வேறொரு பெரியவரிடம் இருக்கிறது. வயதானவர், வீட்டுக் கராஜில் 700ஆர்4 மட்டும்தான் செய்வாராம். கொண்டுபோனதும் பெட்டியை அவர் பார்க்கவே இல்லை. முதல் கேள்வி, “கேபிளும் பிராக்கெட்டும் எங்கே?” இரண்டாவது, “கூலர்?” மூன்றாவது, “கன்வெர்ட்டர் பழசா?” எனக்கு அங்கேயே அழுகை வராத குறை. அவர் வரிசையில் எனக்கு முன்னால் இன்னும் நிறைய பெட்டிகள் இருக்கின்றன, அக்டோபர் கடைசியில் தருகிறேன் என்றார். அதாவது உப்பு கொட்டுகிற நேரத்துக்குச் சரியாக. பழைய ஷாப்பிலிருந்து நேற்று ஒரு மின்னஞ்சல் வந்தது: எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்று!