அம்மாவின் குறுக்கில் ஏறி மிதிக்காதீர்கள்

அந்த வீடியோவை நான் மறுபடி பகிரப் போவதில்லை. எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். தேயிலைத் தோட்டத்து லயம், அதாவது தொழிலாளர் வரிசை வீடு. அதன் இஸ்தோப்பில், முன் திண்ணையில், பாயைப் போட்டு ஒரு பாட்டியைக் குப்புறப் படுக்க வைத்து, வலிக்கு வைத்தியம் என்று பேரன் தூணைப் பிடித்துக்கொண்டு குறுக்கில், இடுப்புக்கு மேலே, ஏறி நடக்கிறான். 'டக்' என்று சத்தம் வருகிறது, பாட்டி "ஐயோ" என்கிறார், சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். கீழே முழுக்க இதயங்கள்.

"தம்பி, வயதானவர்களின் முதுகில் இப்படி ஏறக் கூடாது, எலும்பு உடையும்" என்று ஒரே ஒரு வரிதான் எழுதினேன். அதற்கு வந்த பதில்களையும் பார்த்திருப்பீர்கள். கொழும்புக்கு வேலைக்குப் போனதும் லயத்து வைத்தியம் கசக்கிறதா என்று என்னோடு ஒன்றாகப் படித்தவரே கேட்டிருந்தார். அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கமே வரவில்லை.

நானும் மிதித்திருக்கிறேன். எட்டு வயதில். அம்மா மலையிலிருந்து இறங்கி, கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, ரொட்டி தட்டி எங்களுக்குக் கொடுத்த பிறகு குப்புறப் படுத்து, "மகன், கொஞ்சம் ஏறி மிதி" என்பார். சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறுவேன். அம்மா கண்ணை மூடிப் பெருமூச்சு விடும்போது ஏதோ பெரிய வேலை செய்துவிட்டது போல எனக்குச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் அப்போது எனக்கு இருபது கிலோ இருந்திருக்குமா? அம்மாவுக்கு முப்பது வயது, எலும்பு திடமாக இருந்த காலம். இன்று அம்மாவுக்கு அறுபத்தெட்டு, நான் எழுபது கிலோ. அதே பாசம், அதே பாய் என்பதற்காக அதே முதுகு ஆகிவிடாது.

மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறையும். எலும்புப்புரை என்பார்கள். அது வெளியே தெரியாது. சிலருக்குக் குனிந்து ஒரு வாளியைத் தூக்கினாலே முள்ளந்தண்டு எலும்பு ஒன்று நசுங்கிவிடும், விழவே தேவையில்லை. அப்படிப்பட்ட முதுகில் ஒரு வாலிபன் முழு எடையோடு குதிகாலை ஊன்றினால் என்ன ஆகும் என்று கொஞ்சம் யோசியுங்கள்.

எங்கள் பெரியம்மாவுக்கு நடந்தது. குறுக்கு வலி என்று இரண்டு நாளாகப் படுத்திருந்தவரை அவருடைய மகன், எங்கள் அண்ணன்தான் மிதித்துவிட்டார். அம்மா மேல் உயிரையே வைத்திருக்கும் மனிதர். மறுநாள் பெரியம்மாவால் எழும்பவே முடியவில்லை. எக்ஸ்ரேயில் முள்ளந்தண்டில் ஓர் எலும்பு நசுங்கியிருந்தது. முன்பே நசுங்கியிருக்கலாம், மிதித்ததிலும் நசுங்கியிருக்கலாம், சொல்ல முடியாது என்றார் டொக்டர். அந்த 'சொல்ல முடியாது' என்ற வார்த்தையைத்தான் அண்ணன் இன்று வரைக்கும் சுமக்கிறார். அவரை நான் குறை சொல்லவில்லை. யாரும் அவருக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அதனால்தான் நான் சொல்கிறேன்.

சரி, அப்படியானால் வலியில் துடிப்பவரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதா என்கிறீர்கள். இல்லையே! செய்ய எவ்வளவோ இருக்கிறது. அம்மாவை மல்லாக்கப் படுக்க வைத்து முழங்காலுக்குக் கீழே ஒரு போர்வையை மடித்து வையுங்கள், அல்லது ஒருக்களித்துப் படுக்க வைத்து இரண்டு முழங்காலுக்கும் நடுவில் தலையணை கொடுங்கள், கொஞ்சம் இறுக்கம் அதிலேயே விடும். கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுங்கள், ஆனால் முதலில் உங்கள் முன்கையில் வைத்துப் பாருங்கள், நீரிழிவு உள்ளவர்களுக்குத் தோலில் உணர்வு குறைந்திருக்கும், சுடுவதே தெரியாமல் வெந்துவிடும். பதினைந்து இருபது நிமிடம் போதும். தைலம் பூசிய இடத்தில் உடனே சூடு வைக்காதீர்கள், தோல் புண்ணாகும். நீவி விடுவதென்றால் எண்ணெய் தொட்டு உள்ளங்கையால், முள்ளந்தண்டின் இரு பக்கமும் இருக்கும் சதையில் மட்டும், நடு எலும்பைத் தொடாமல், "வலிக்குதா அம்மா" என்று கேட்டுக் கேட்டு நீவுங்கள். வலி காலுக்கு இறங்கினால் உடனே நிறுத்துங்கள். எழும்பும்போது கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். பக்கவாட்டில் புரண்டு, காலைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி அவராகவே எழும்பட்டும். அப்புறம் வாசலில் கொஞ்சம் நடக்கட்டும். நாள் முழுக்கப் படுத்தே கிடந்தால் குறுக்கு இன்னும் பிடித்துக்கொள்ளும். புதிதாக வரும் இடுப்பு வலி பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும், அதுவரைக்கும் அந்த உடம்பைப் பத்திரமாக வைத்திருப்பதுதான் நம் வேலை.

வெளிநாட்டில் முதுகெலும்புக்குக் கையால் சிகிச்சை செய்யும் கைரோபிராக்டர்கள் நெட்டி முறிக்கிறார்களே என்று ஒருவர் லிங்க் அனுப்பியிருந்தார். உண்மைதான், உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாட்பட்ட இடுப்பு வலிக்கு வெளியிட்ட வழிகாட்டியிலும் முதுகெலும்புக்குக் கையால் செய்யும் சிகிச்சை இருக்கிறது, மசாஜ் இருக்கிறது, உடற்பயிற்சியும் இருக்கிறது. ஆனால் அதைப் பயிற்சி பெற்றவர்கள், நோயாளியின் வயதையும் எலும்பையும் விசாரித்துவிட்டுக் கையால் செய்கிறார்கள். தூணைப் பிடித்துக்கொண்டு காலால் ஏறுவதும் அதுவும் ஒன்றா?

நீ டொக்டரா என்று கேட்டவருக்கு, இல்லை. பரம்பரை பரம்பரையாகச் செய்கிறோம் என்கிறவர்களுக்கு, நம் பாட்டிகளில் எத்தனை பேர் கூனிப் போய்த் தடி ஊன்றி நடந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். எலும்பு நசுங்கியும் கூன் விழும் என்று தெரியாமல், அது வெறும் வயசு என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடும் என்று ஓர் அக்கா எழுதியிருந்தார். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம்தான், ஆனால் பஸ்ஸும் வரிசையும் இழந்த சம்பளமும் இலவசம் இல்லை, எனக்குத் தெரியும் அக்கா. ஆனாலும் சிலவற்றுக்குக் காத்திருக்கவே முடியாது. சிறுநீர் போகாமல் அடைத்துக்கொண்டால், அல்லது கட்டுப்பாடில்லாமல் போனால், மலவாய்ப் பக்கம் மரத்துப் போனால், கால் பலமிழந்தால், உடனே 1990க்கு அழையுங்கள், இலங்கையின் சுவசெரிய ஆம்புலன்ஸுக்குக் காசு கிடையாது. விழுந்த பிறகு வந்த வலி, காய்ச்சலோடு வரும் வலி, உடம்பு மெலிந்துகொண்டே போகும்போது வரும் வலி, இவற்றையும் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள்.

இன்னொன்றும் மனதை அறுக்கிறது. அந்த முதுகு எப்படி அப்படி ஆனது? கூடைக் கயிறு தலையில், பாரம் முதுகில், சரிவில் நின்றுகொண்டு சொன்ன கிலோ கொழுந்தை எடுத்தால்தான் முழுப் பேர் என்று எத்தனை வருடம்? வேலையிலிருந்து நின்ற பிறகும் பீலியிலிருந்து தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வருவது யார்? விறகுக் கட்டைத் தூக்குவது யார்? குறுக்கில் ஏறத் தெம்பிருக்கும் பிள்ளை அந்தக் குடத்தை வாங்கிக்கொண்டு வந்தால் பாட்டிக்கு அதைவிட நல்ல வைத்தியம் கிடையாது. அந்தத் தம்பி கெட்டவன் என்று நான் சொல்லவே இல்லை. பாட்டி மேல் பாசம் இல்லாமல் யாரும் எண்ணெய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு வந்து உட்கார மாட்டார்கள். அந்தப் பாசத்தைக் கையில் வையுங்கள், காலில் வேண்டாம், இதைத்தான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

வீடியோ அந்தச் சத்தத்தோடு முடிந்துவிடுகிறது. அதன் பிறகு பாட்டி எப்படி எழும்பினார் என்பதை யாரும் எடுக்கவில்லை. அந்தத் தோட்டத்தில் யாராவது தெரிந்தவர்கள் இருந்தால் அவர் இப்போது நடக்கிறாரா என்று கேட்டு எனக்கு இன்பாக்ஸில் சொல்லுங்கள்.