கண்ணாடி வழிவதில்லை

பாரிஸின் சான்த் ஷப்பேல் தேவாலயப் படத்துடன் ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது: "கண்ணாடி உண்மையில் திரவம். 800 ஆண்டுகளில் மெல்ல வழிந்து, இந்தச் சன்னல்களின் அடிப்பகுதி தடித்துவிட்டது." இது தவறு.

அந்தக் காலத்தில் கண்ணாடியைக் குழலால் ஊதி, சுழற்றியோ, உருளையாக்கிப் பிளந்தோ தகடாக்கினார்கள். ஒரே தகட்டில் ஓரிடம் தடித்தும் இன்னோரிடம் மெலிந்தும் இருப்பது இயல்பு. அதை வெட்டி ஈயப் பட்டைகளில் பொருத்தியபோது தடித்த பக்கம் கீழே வந்த துண்டுகளும் உண்டு, மேலே வந்தவையும் உண்டு. வழிந்திருந்தால் இது எப்படி? இடைக்காலக் கண்ணாடியின் கலவையை வைத்து 2017இல் வெளியான ஆய்வின்படி, அறை வெப்பத்தில் 100 கோடி ஆண்டுகள் நின்றாலும் அது ஒரு நானோமீட்டர் (ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவே நகரும். இடைக்காலச் சன்னல்களைவிடப் பழைய ரோமானியக் கண்ணாடிக் குவளைகளும் வடிவம் குலையாமல் இருக்கின்றன.

1248இல் அர்ச்சிக்கப்பட்ட அந்தத் தேவாலயத்தின் மேல்தளத்துக்குப் போனால், 15 மீட்டர் உயரச் சன்னல்களின் சிவப்பும் நீலமும் தரையில் விழுந்து கிடக்கும். மூன்றில் இரண்டு பங்கு அன்றைய கண்ணாடியே. அந்த மேடுபள்ளங்கள் ஊதியவரின் மூச்சும் கையும் விட்டுச்சென்ற தடங்கள். அவற்றைப் புவியீர்ப்பின் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை.