முட்டைக்குச் சம்மதம், சேவல் கறிக்கு மட்டும் கண்ணீரா?

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுச் சேவலை அறுத்துக் கறி வைத்தோம். மறுநாள் முட்டை வாங்க வந்த பக்கத்து வீட்டு அக்கா, "கையால் தீனி போட்டு வளர்த்த உயிரை அறுக்க எப்படித் தம்பி மனம் வந்தது?" என்று கேட்டார். கேட்டுவிட்டு ஆறு முட்டையும் வாங்கிக்கொண்டு போனார். விடியற்காலை நாலு மணிக்கே கூவுகிறது, ஏதாவது செய்யுங்கள் என்று இரண்டு மாதத்திற்கு முன்பு மதிலுக்கு மேலால் முறையிட்டவரும் அவர்தான்.

கொழும்புக்குப் பக்கத்தில், தெகிவளையில் எங்களுடையது எட்டுப் பேர்ச் அளவு சின்னக் காணி. 2022 பொருளாதார நெருக்கடியில், வீட்டில் பயிர் செய்யுங்கள் என்று அரசாங்கமே அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்ததே, அப்போது கிணற்றடியில் கூடு அடித்து நாலு ஊர்க்கோழி விட்டேன். வீட்டுக் கோழி மனதுக்கு அமைதி தரும் என்று எழுதுகிறவர்கள் மழைக்காலத்தில் ஒருமுறை வந்து கூட்டைக் கழுவித் தரட்டும். வாய்க்கால் பக்கமிருந்து வரும் கபரக்கொய்யா என்ற பெரிய நீர் உடும்பு ஒரே வாரத்தில் மூன்று குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு போனது தனிக்கதை.

அக்காவுக்குச் சொல்ல நினைத்தது இதுதான். பேடு அடைகாத்து 21 நாளில் குஞ்சு பொரிக்கிறது. அதில் ஏறக்குறைய பாதி சேவல். இத்தனை சேவலையும் என்ன செய்வது? இரண்டு சேவல் ஒரு கூட்டில் வளர்ந்தால் கொண்டை கிழியும்வரை சண்டை. பேடுகளின் பாடு அதைவிட மோசம்; மிதிபட்டு மிதிபட்டு முதுகில் இறகே இல்லாமல் போய்விடும். கடை முட்டை மட்டும் சுத்தம் என்று நினைக்க வேண்டாம். முட்டையினக் கோழியின் சேவல் குஞ்சு முட்டையும் இடாது, இறைச்சிக்கும் கட்டுப்படியாகாது என்பதால், பெரிய பொரிப்பகங்களில் அதைப் பொரித்த அன்றே கொன்றுவிடுவதுதான் வழக்கம். என் சேவல் ஏழு மாதம் வெயில் காய்ந்தது, மண்ணைக் கிளறியது, அக்காவின் தூக்கத்தையும் கெடுத்தது.

மனம் வந்ததா என்றால், வரவில்லை. சந்தியில் கோழிக்கடை வைத்திருக்கும் நானாதான் பக்கத்தில் நின்று, கத்தியை எங்கே வைப்பது என்று காட்டினார். கை நடுங்கியது. இரைப்பையைப் பிளந்தபோது சிறு கற்களுக்கு நடுவே மகளின் சட்டையிலிருந்து தொலைந்த நீலப் பொத்தான் கிடந்தது. அவள் அதைக் கழுவி வைத்துக்கொண்டாள், கறியைத் தொடவில்லை. நான் வற்புறுத்தவில்லை.

காசு மிச்சமா என்றும் கேட்கிறார்கள். இல்லை. புறொயிலர் ஆறு வாரத்தில் சட்டிக்கு வந்துவிடுகிறது. இதற்கு ஏழு மாதத் தீனி, பிறகு றம்பை இலையும் கறிவேப்பிலையும் போட்டு இரண்டு மணி நேர அடுப்பு. ஆனால் வாரம் மூன்று நாள் இறைச்சி தின்ற வீட்டில் இப்போது மாதம் ஒருமுறைகூட இல்லை. யாரும் விரதம் பிடிக்கவில்லை. அறுப்பது என் கை என்றானபின் நாக்குத் தானாகவே அடங்கிவிட்டது.

இதையெல்லாம் அக்காவிடம் நேரில் சொல்லச் சந்தர்ப்பம் வரும். பேடு நேற்று மறுபடியும் அடைக்குப் படுத்துவிட்டது. கொஞ்ச நாளைக்கு அவருக்கு முட்டை இல்லை.