ஆமாம், என் மகள் கணக்குப்பிள்ளைதான்

வெள்ளிக்கிழமை இரவு பெற்றோர் குழுவில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேருக்கு ஸ்கிரீன்ஷாட் வந்திருக்கும். அதனால் முழுக் கதையும் சொல்லப் போவதில்லை. வாரக் காசைப் பாதியிலேயே தீர்த்துவிட்ட மகளுக்கு மேலும் தர மறுத்தேன், அதுதான் விஷயம். “பதினைந்து வயதுப் பிள்ளையைப் பட்டினி போட்டுத்தான் பட்ஜெட் சொல்லித் தரணுமா, கணக்குப்பிள்ளை ஆக்கப் போறீங்களா” என்று எழுதிய அக்காவுக்கும், அதற்கு இதயம் போட்ட 11 பேருக்கும்தான் இது.

முதலில், பட்டினி இல்லை. வியாழனும் வெள்ளியும் அவள் பையில் வீட்டில் செய்த சார்டின் ரொட்டி இருந்தது. கேண்டீனில் வாங்கத்தான் காசு இல்லை. திங்கள் காலை வாரச் செலவுக்கு 30 சிங்கப்பூர் வெள்ளி கொடுத்தேன். மூன்று நாள் சாப்பாட்டுக்கு 9, பபிள் டீக்கு 5, உள்ளே எந்தப் பொம்மை இருக்கிறதென்றே தெரியாமல் வாங்குவார்களே, அந்தப் பெட்டி ஒன்றுக்கு 16. புதன் மாலையே கை காலி. “அம்மா, பேநவ் பண்ணுங்களேன்” என்று, போனிலேயே உடனே பணம் அனுப்பச் சொல்லி மெசேஜ் வந்தது. மாட்டேன் என்றேன். நான் செய்த குற்றம் அவ்வளவுதான்.

தீர்ந்தால் தீர்ந்ததுதான். இதைத் தவிர என்னிடம் வேறு பாடத்திட்டம் கிடையாது. கணக்கு எழுத நோட்டு வாங்கிக் கொடுங்கள், செயலி இறக்கிக் கொடுங்கள், எல்லாம் சரி, ஆனால் கேட்ட பத்தாவது விநாடி போனில் பணம் வந்து விழுந்தால் அந்தப் பிள்ளை எதற்குக் கணக்குப் பார்க்க வேண்டும்?

பள்ளியிலேயே சொல்லித் தருகிறார்களாம். தருகிறார்கள், உயர்நிலை ஒன்றிலும் இரண்டிலும் உணவு, பயனீட்டாளர் கல்வி என்று பாடமே இருக்கிறது. தேவை எது, ஆசை எது என்று அழகாக அட்டவணை போட்டு நல்ல மதிப்பெண் வாங்கியவள்தான் இந்தப் பெட்டியையும் வாங்கியிருக்கிறாள். மாணவர்களின் கல்விச் செலவுக்கான எடுசேவ் கணக்கில் அரசாங்கம் ஆண்டுக்கு 290 வெள்ளி போடுகிறதே என்றார் இன்னொருவர். அதை எடுத்து நூடல்ஸ் வாங்க முடியாது சார்.

என் அப்பா செம்பவாங்கில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தார். எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே மளிகைக் கடையில் எங்களுக்கு ஒரு 555 நோட்டு, கடன் எழுதி வைக்கும் சின்ன நோட்டு. அரிசி, பால் மாவு, எண்ணெய் எல்லாம் அதில் ஏறும், சம்பள நாளில் அப்பா போய் அடைப்பார். தொடக்கநிலை நான்கில் ஒரு மாதம் முழுக்க ஐஸ்கிரீமை அதில் எழுத வைத்துத் தின்றேன். அப்பா திட்டவே இல்லை. சம்பளத்தன்று என்னைக் கடைக்கு அழைத்துப் போய், கடைக்காரர் முன்னால் ஒவ்வொரு ஐஸ்கிரீம் வரியையும் என்னையே உரக்கப் படிக்க வைத்தார். இன்னும் காது சுடுகிறது. அதுவும் கொடுமைதானே அக்கா?

“வளர்ந்தால் தானாக வரும்” என்கிறவர்களுக்கு: 21 வயதாகி ஆண்டுக்கு 30,000 வெள்ளி சம்பாதித்தால் இங்கே கடன் அட்டை வரும். தானாக வருவது அதுதான். என் தம்பிக்கு வந்தது, ஆண்டுக்கு 25 விழுக்காட்டுக்கு மேல் வட்டியோடு. நான்கு வருடம் அடைத்தான், அம்மாவின் வளையலும் சேர்ந்து அடைத்தது.

தோழிகள் தட்டோடு உட்கார்ந்திருக்கும்போது அவள் மட்டும் ரொட்டியைப் பிரித்தது கூச்சமாக இருந்திருக்கும் என்று ஒருவர் தனியாக எழுதியிருந்தார். இருந்திருக்கும். இது ஒன்றுதான் அன்றிரவு என்னைத் தூங்க விடவில்லை. ஆனாலும் மாட்டேன்தான்.

அதைவிட வலித்தது வேறு. “முடியலைன்னா தயங்காம சொல்லுங்க, நாங்க உதவுறோம்.” எவ்வளவு கனிவு! கணவர் உள்ள வீட்டில் இதையே செய்தால் கண்டிப்பான வளர்ப்பு, தனியாக வளர்ப்பவள் செய்தால் இல்லாமை, அப்படித்தானே? என் வீட்டு வாடகை, கரண்ட் பில், டியூஷன் காசு எல்லாம் நாள் தவறாமல் போகிறது. யாரிடமும் கேட்டதில்லை. பதினைந்து வருடமாக. இதை இங்கே எழுத வைத்துவிட்டீர்களே என்பதுதான் வலி.

அப்புறம் அக்கா, வெள்ளி மாலை காபிக்கடையில் அவளுக்கு நீங்கள் வாங்கித் தந்த மீ கோரெங்குக்கு நன்றி. “ஆன்ட்டிக்குக் கடன், 5.50” என்று அவள் நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். திங்கட்கிழமை உங்கள் மகளிடம் கொடுத்து அனுப்புவாள். வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.